ரெண்டு ஆன்டெனாவும் ஒரு மைனஸ் குறியும்

ஒரு மைனஸ் குறிக்கு இருபது வருஷம் தனியுரிமை கொடுக்கலாமா? சும்மா கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் பல ஆன்டெனா வைத்து சிக்னல் அனுப்பும் முறைகளுக்கான காப்புரிமை மனுக்களைக் கையில் எடுத்தால், பழையதிலிருந்து புதியதைப் பிரிப்பது பல சமயம் அவ்வளவுதான். எங்கோ ஒரு குறி மாறியிருக்கும். அல்லது எதை முதலில் அனுப்புவது, எதை அடுத்து அனுப்புவது என்ற வரிசை மாறியிருக்கும்.

சில வருஷம் ரேடியோ இன்ஜினியராக இருந்துவிட்டு பேட்டன்ட் ஏஜென்ட் ஆனவன் நான். இந்த மாதிரி மனுக்களை எழுதுவதும், எக்ஸாமினர் அனுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வதும்தான் பிழைப்பு. பழைய சகாக்கள் கேட்பார்கள்: "ஏம்ப்பா, அங்கே உட்கார்ந்து கணக்கு சரியா தப்பான்னா பார்ப்பாங்க?" கணக்கு சரியாக இருப்பது அங்கே யாருக்கும் செய்தியே இல்லை. பிறகு என்னதான் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. வாடிக்கையாளர் விஷயங்களை எழுத முடியாது. அதனால் உலகம் அறிந்த ஒரு காப்புரிமையை எடுத்துக்கொள்கிறேன். சியாவாஷ் அலமூட்டி, வாஹித் தாரோக் இருவர் பெயரிலும் 2001 பிப்ரவரியில் ஏ.டி. அண்ட் டி. வயர்லெஸ் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கிடைத்தது அது. எண் 6,185,258. முன்னுரிமைத் தேதி 1997 செப்டம்பர்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். செல்போன் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நேராக நம்மிடம் வருவதில்லை. கட்டடம், லாரி, மரம் என்று பலவற்றில் பட்டுப் பல வழிகளில் வருகிறது. வந்து சேரும் அலைகள் ஒரு இடத்தில் ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும், சில சென்டிமீட்டர் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 15 சென்டிமீட்டர்தான். போனைக் காதிலிருந்து தோளுக்கு மாற்றும் தூரத்தில் சிக்னல் செத்துப் பிழைப்பது அதனால்தான்.

இதற்கு மருந்தும் பழையதுதான். வாங்கும் பக்கத்தில் ரெண்டு மூன்று ஆன்டெனாவைத் தள்ளித் தள்ளி நிறுத்தினால், எல்லாமே ஒரே நேரத்தில் சாக வாய்ப்புக் குறைவு. ஆர்.சி.ஏ. நிறுவனம் லாங் ஐலண்டில் இப்படி வாங்கிக்கொண்டிருந்த கதையை பெவரேஜும் பீட்டர்சனும் 1931-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ஆனால் கையில் பிடிக்கும் போனில் இன்னொரு ஆன்டெனாவும் அதற்கு இன்னொரு ரிசீவரும் வைத்தால் விலை ஏறும், பேட்டரி குறையும். கோபுரத்தில் ரெண்டு ஆன்டெனா வைப்பது சுலபம். ஒரே கோபுரம், ஆயிரம் போன்கள். ஆனால் கோபுரத்தின் ரெண்டு ஆன்டெனாவும் ஒரே சிக்னலை ஒரே நேரத்தில் அனுப்பினால், அவை ரெண்டும் காற்றில் கலந்து மறுபடி அழிந்துகொள்ளும். பழைய குருடி கதவைத் திறடி.

1993-ல் விட்னெபென் ஒரு வழி சொன்னார்: ரெண்டாவது ஆன்டெனாவிலிருந்து அதே சிக்னலைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பு. அதே வருஷம் சேஷாத்ரியும் வின்டர்ஸும் இதற்கு நெருக்கமான யோசனையை வெளியிட்டார்கள். வேலை செய்யும். ஆனால் நாமே ஒரு எதிரொலியை உண்டாக்கிவிட்டோம். அதைப் பிரித்தெடுக்கும் சுமை போனின் தலையில் விழுகிறது.

அலமூட்டி செய்தது இது. அனுப்ப வேண்டிய ரெண்டு குறியீடுகளுக்கு அ, ஆ என்று பெயர் வைப்போம். முதல் நேரத்துண்டில் முதல் ஆன்டெனா அ-வை அனுப்பும், ரெண்டாவது ஆன்டெனா ஆ-வை அனுப்பும். அடுத்த நேரத்துண்டில் முதல் ஆன்டெனா ஆ-வின் இணைக் கலப்பெண்ணை மைனஸ் போட்டு அனுப்பும். ரெண்டாவது ஆன்டெனா அ-வின் இணைக் கலப்பெண்ணை அப்படியே அனுப்பும். முடிந்தது. போன் ரெண்டு நேரத்துண்டிலும் வாங்கியதை, ரெண்டு பாதைகளின் அளவீட்டால் பெருக்கிக் கூட்டினால், அ-வைத் தேடும்போது ஆ தானாக அடிபட்டுப் போகும். ஆ-வைத் தேடும்போது அ அடிபட்டுப் போகும். நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி போட்டுப் பாருங்கள், அந்த மைனஸ் இல்லாவிட்டால் எதுவும் அடிபடாது. பாதை எப்படி இருக்கிறது என்று கோபுரத்துக்குத் தெரியவே வேண்டாம். கூடுதல் அலைவரிசையும் வேண்டாம். மொத்த சக்தியை ரெண்டு ஆன்டெனாவுக்கும் பங்கிடுவதால், போனில் ரெண்டு ஆன்டெனா வைப்பதோடு ஒப்பிட்டால் 3 டெசிபெல் நஷ்டம். அதுகூட அலமூட்டி பின்னால் எழுதிய கட்டுரையிலேயே ஒளிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது.

இப்போது எக்ஸாமினர் நாற்காலியில் உட்காருங்கள். இதே மனு இன்று இந்தியாவில், 1997 செப்டம்பரின் தொழில்நுட்ப அறிவை மட்டும் எதிரே வைத்துக்கொண்டு, ஆய்வுக்கு வருகிறது என்று கற்பனை செய்வோம்.

அவர் முன்னால் இருப்பது கண்டுபிடிப்பு இல்லை, ஒரு வாக்கியம். கிளெய்ம் என்று நாங்கள் சொல்லும் உரிமைக்கோரிக்கை. வரைபடமும் விவரணையும் எத்தனை பக்கம் இருந்தாலும், உரிமை கிடைப்பது அந்த வாக்கியத்துக்குத்தான். எக்ஸாமினர் அதை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பார்: குறியீடுகளை ஜோடியாக எடுப்பது, ரெண்டு ஆன்டெனா, ரெண்டு நேரத்துண்டு, இணைக் கலப்பெண், குறி மாற்றம். பிறகு தேடல். அனுப்பும் நிலையத்தில் பல ஆன்டெனா என்ற வகைக்குப் பன்னாட்டு வகைப்பாட்டில் எச்04பி 7/06 என்று ஒரு அறை இருக்கிறது. அங்கே ஆரம்பித்து ஆய்விதழ்கள், மாநாட்டுக் கட்டுரைகள் என்று போவார். கிடைத்ததில் மிக நெருக்கமானது டி1, அடுத்தது டி2. இங்கே டி1 விட்னெபென் கட்டுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுமை சீக்கிரம் முடிந்துவிடும். டி1-இல் தாமதம் இருக்கிறது, ஜோடியும் குறி மாற்றமும் இல்லை. எல்லா உறுப்பும் ஒரே ஆவணத்தில் இல்லையென்றால் புதிதுதான்.

இந்த இடத்தில் தேதி பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல கண்டுபிடிப்புகள் செத்துப்போவது இங்கேதான். அலமூட்டியின் புகழ்பெற்ற கட்டுரை ஐ-ட்ரிபிள்-இ இதழில் வந்தது 1998 அக்டோபரில். மனு அதற்கு முந்தியது. வரிசை மாறியிருந்தால் அவருடைய கட்டுரையே அவருக்கு டி1 ஆகியிருக்கும். அமெரிக்காவில் ஒரு வருஷம் சலுகை உண்டு. நம் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலும் 12 மாதச் சலுகை இருக்கிறது என்றாலும், கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி என்று அதன் வாசல் ரொம்பக் குறுகலானது. "பேப்பர் போன வருஷமே வந்துடுச்சு சார், இப்போ பேட்டன்ட் போட்டுடலாமா?" என்று பேராசிரியர்கள் கேட்கும்போது என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பழகவில்லை.

செல்போன் தரநிலைகளை வகுக்கும் த்ரீ-ஜி-பி-பி கூட்டங்கள் இதில் தனி ரகம். நிறுவனங்கள் தங்கள் முன்மொழிவுகளைக் கூட்டத்துக்கு முன்னால் பொதுவில் இருக்கும் சர்வரில் ஏற்றிவிடும். யாரும் இறக்கிக்கொள்ளலாம், ஏற்றிய நேரம் பதிவாகியிருக்கும். அதனால் மனுவைப் போட்டுவிட்டு முன்மொழிவை ஏற்று என்பதுதான் அந்த உலகத்தின் முதல் பாடம். பல ஆன்டெனா மனுக்களில் எக்ஸாமினருக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான ஆயுதம், போட்டி நிறுவனம் சில நாள் முன்னால் ஏற்றிய ரெண்டு பக்க முன்மொழிவாகவே இருக்கும்.

சரி, புதுமை ஆயிற்று. அடுத்து ரெண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. நம் ஊர் ஆய்வறிக்கைகளில் முதலில் எழும்புவது 3(கே): கணித முறைக்கும், வணிக முறைக்கும், அல்காரிதத்துக்கும் காப்புரிமை இல்லை என்று சொல்லும் பிரிவு. அணி, பெருக்கல், இணைக் கலப்பெண் என்று மனு முழுக்கக் கணக்காக இருக்கும்போது கை தானாக அந்தப் பிரிவுக்குப் போகும். என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அனுப்பும் முறை விஷயத்தில் இது பெரும்பாலும் நேர விரயம். ஆட்சேபம் எழுதும் பக்கமும், வரிந்து கட்டிக்கொண்டு பத்துப் பக்கம் பதில் எழுதும் எங்கள் பக்கமும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஏன் என்றால், இங்கே மைனஸ் என்பது காகிதத்தில் போடும் கோடு இல்லை. எந்தக் குறியீட்டையும் கொசைன் பகுதி, சைன் பகுதி என்று ரெண்டாகப் பிரித்துத்தான் கேரியர் அலையில் ஏற்றுகிறோம். மைனஸ் என்றால் அந்த அலையை 180 பாகை திருப்பி அனுப்புவது. இணைக் கலப்பெண் என்றால் சைன் பகுதியை மட்டும் தலைகீழாக்குவது. இரண்டையும் ஆஸிலாஸ்கோப்பில் பார்க்கலாம். எந்த ஆன்டெனாவிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கட்டத்தில் மின்காந்த அலை கிளம்ப வேண்டும் என்று சொல்லும் கிளெய்மைக் கணித முறை என்று தள்ளினால், ரேடியோ துறையில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1939-லேயே ஒரு ஆன்டெனா வழக்கில் இதைத் தொட்டிருக்கிறது. மெக்கே ரேடியோவுக்கும் ஆர்.சி.ஏ.வுக்கும் நடந்த வழக்கு. கார்ட்டர் என்பவரின் வி வடிவ ஆன்டெனா. கம்பிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய கோணத்தை ஒரு சூத்திரம் சொல்லும். அடிப்படைச் சூத்திரம் ஆபிரகாம் என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் முன்னால் வெளியிட்டது. விஞ்ஞான உண்மைக்கோ அதன் கணித வடிவத்துக்கோ உரிமை கிடையாது, ஆனால் அந்த அறிவைக் கொண்டு கட்டிய புதிய, பயனுள்ள அமைப்புக்குக் கிடைக்கலாம் என்றது நீதிமன்றம். கடைசியில் ஆர்.சி.ஏ. தோற்றது வேறு காரணத்துக்காக: கிளெய்ம் சொன்ன கோணமும் மெக்கே ஆன்டெனாவின் கோணமும் பொருந்தவில்லை.

ஐரோப்பாவில் 1986-இன் வைகாம் முடிவு, இங்கே 2019 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது, எல்லாம் தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பார்க்கச் சொல்லும் அதே திசைதான். 2024 மார்ச்சில் எரிக்சன் - லாவா வழக்கில் 244 கோடி ரூபாய் இழப்பீடு தீர்ப்பானபோதும், வெறும் அல்காரிதம் என்ற வாதம் வைக்கப்பட்டது. எட்டுக் காப்புரிமைகளில் ஏழு தாங்கின. ஒரு விசித்திரம்: அமெரிக்காவில் சிக்னலை அனுப்பும் முறைக்கு உரிமை கேட்கலாம், அனுப்பும் கருவிக்குக் கேட்கலாம், காற்றில் போகும் சிக்னலுக்கே கேட்டால் கிடைக்காது. 2007-இல் நைட்டன் வழக்கில் அப்படி முடிவானது.

உண்மையான சண்டை இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. பிரிவு 2(1)(ஜேஏ), கண்டுபிடிப்புப் படி. துறை தெரிந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா?

அலமூட்டியின் அந்த ரெண்டுக்கு ரெண்டு அணியைக் கணிதம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், "இது குவாட்டர்னியன் ஆச்சே" என்பார். சரிதான். 1843-இல் டப்ளினில் ஹாமில்டன் கண்டுபிடித்த எண்களைக் கலப்பெண் அணியாக எழுதினால் இதே வடிவம்தான், அந்த மைனஸ் உட்பட. அப்படியென்றால் எக்ஸாமினர் டி1 விட்னெபென், டி2 ஹாமில்டன் என்று எழுதி மனுவை முடித்துவிடலாமா?

முடிக்கக் கூடாது என்பது என் கட்சி. டி2 இருந்தது என்பது போதாது. 1997-இன் ரேடியோ இன்ஜினியர் தாமத முறையின் எதிரொலித் தொல்லையோடு உட்கார்ந்திருக்கும்போது, எது அவரை அந்தப் பக்கம் தள்ளும்? அவருடைய பழக்கம் எதிரொலியை இன்னும் நன்றாகப் பிரிக்கும் ஈக்வலைசரைத் தேடுவது. ரெண்டு ஆன்டெனாவையும் ரெண்டு நேரத்துண்டையும் ஒரு அணியின் வரிசையாகவும் பத்தியாகவும் பார்க்கலாம் என்று அவர் கையில் இருந்த புத்தகம் ஏதாவது சொன்னதா? சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டட்டும், நான் எழுந்து போகிறேன். காட்டாமல் "தெரிந்த கணிதத்தைப் பயன்படுத்தியது சாதாரணம்" என்று ஒரு வரி எழுதினால், விடையைப் பார்த்துவிட்டு வழி சொல்வதுதான் அது. பின்னால் தாரோக், ஜஃபார்கானி, கால்டர்பேங்க் மூவரும் 1999-இல் காட்டினார்கள்: கலப்பெண் குறியீடுகளுக்கு, வேகம் குறையாமல் இந்த வித்தை பலிப்பது ரெண்டு ஆன்டெனாவுக்கு மட்டுமே. நாலு ஆன்டெனா என்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். பின்னால் வந்த சான்றை ஆய்வில் எவ்வளவு எடைபோடலாம் என்பது வாதத்துக்கு உரியதுதான், ஆனால் ஹியரிங்கில் நான் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தாலும் இதே இடத்தில்தான் நின்று அடிப்பேன். பல ஆன்டெனா மனுக்களில் கணிசமானவை டி1-இல் இருக்கும் முறையை எட்டு ஆன்டெனாவுக்கு நீட்டுவது, அட்டவணையில் வரிசையை மாற்றுவது என்ற ரகம். அவற்றுக்கு 3(கே) தேவையே இல்லை. நல்ல டி1, டி2, ரெண்டையும் சேர்க்க ஒரு காரணம், முடிந்தது.

ப்ரீகோடிங், அதாவது அனுப்பும் முன்பே சிக்னலை ஒரு அணியால் பெருக்கி ஆன்டெனாக்களுக்குப் பங்கிடும் முறை. அந்த மனுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.டி.இ. என்ற ஃபோர்-ஜி தரநிலையில் நாலு ஆன்டெனாவுக்கு ஒரு கோட்புக் உண்டு, பதினாறு அணிகள். போன் அவற்றில் எது தனக்குப் பொருந்தும் என்று நாலு பிட்டில் சொல்லும், கோபுரம் அதன்படி அனுப்பும். இந்த மாதிரிப் பட்டியலுக்கு உரிமை கேட்டு வரும் இளைஞர்களோடு என் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

"சார், சிமுலேஷன்ல எங்க செட்டு நல்லா வருது."

"சந்தோஷம் தம்பி. ஏன் நல்லா வருது?"

"அதான் சார், கேப்பாசிட்டி கர்வ் மேல போகுது."

"அது எனக்கும் தெரியுது. அணியில எல்லா உறுப்புக்கும் ஒரே அளவு வர்ற மாதிரி ஏன் வச்சீங்க?"

"ஓ, அதுவா? ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனி பவர் ஆம்ப்ளிஃபயர் இருக்கு சார். அளவு மாறினா ஒண்ணு முழுசா உழைக்கும், இன்னொண்ணு சும்மா இருக்கும்."

இதுதான் வேண்டும். கிராஃப் எக்ஸாமினரை அசைக்காது, ஆம்ப்ளிஃபயர் அசைக்கும். அந்த ஒரு பத்தி மனு போடும் நாளிலேயே விவரணையில் இருந்தால் கணிதம் என்ற பேச்சுக்கும் பதில், எளிதில் தோன்றும் என்ற பேச்சுக்கும் பதில். இல்லையென்றால் பிறகு சேர்க்க முடியாது. நம் சட்டத்தின் 59-ஆம் பிரிவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது: திருத்தலாம், குறுக்கலாம், ஆரம்பத்தில் வெளியிடாததை உள்ளே கொண்டுவர முடியாது.

மனு போட்ட அன்று என்ன புரிந்திருந்ததோ அது அப்படியே உறைந்துபோகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படையில் சோனார் கட்டியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு. 1992-இல் அவரும் தாமஸ் கைலாத்தும் போட்ட மனு 1994-இல் அமெரிக்கக் காப்புரிமை 5,345,599 ஆனது. வேகமான ஒரு தரவோட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, தள்ளித் தள்ளி இருக்கும் டிரான்ஸ்மிட்டர்களிலிருந்து ஒரே அலைவரிசையில் அனுப்பி, ஆன்டெனா வரிசையால் பிரித்து வாங்குவது. இன்று நாம் மைமோ என்று சொல்வதன் ஆதி ஆவணங்களில் ஒன்று. 2014-இல் அவருக்கு மார்கோனி பரிசு கிடைத்ததும் இந்த வேலைக்காகத்தான். ஆனால் காப்புரிமையின் தலைப்பைப் பாருங்கள்: ஒலி-ஒளிபரப்பு அமைப்பு என்கிறது, திசையை வைத்து வாங்குவது என்கிறது. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் கொண்டு பிரிப்பது என்றுதான் அப்போது எழுதப்பட்டது. 1996-இல் பெல் லேப்ஸின் ஃபோஷினி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், திசையைப் பற்றிக் கவலையே படாமல், சிதறலையே மூலதனமாக்கலாம் என்ற பார்வை பரவலானது. யோசனை பெரிது, வாக்கியம் அன்றைய அறிவின் அளவு. மனு எழுதுகிறவன் வயிற்றைக் கலக்கும் விஷயம் இது.

அலமூட்டி முறையிலும் இதே சிக்கல் எட்டிப் பார்க்கிறது. த்ரீ-ஜியில் நேரத்துண்டு வைத்து வந்தது, எல்.டி.இ-யில் அடுத்தடுத்த துணைக் கேரியர்களில் செய்யப்படுகிறது. கிளெய்மில் "அடுத்த நேரத்துண்டில்" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால் எல்.டி.இ. கோபுரம் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றிருக்கும். நேரத்துக்குப் பதில் அலைவரிசையிலும் செய்யலாம் என்று 1998 கட்டுரையிலேயே ஒரு குறிப்பு உண்டு. அந்த மாதிரிக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பிடித்துத் தனிக் கிளெய்ம் எழுதுவது எங்கள் வேலை. அதேபோல அனுப்பும் கோபுரத்துக்கு ஒன்று, வாங்கும் போனுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத வேண்டும். "கோபுரம் அனுப்ப, போன் வாங்கிப் பிரிக்க" என்று ஒரே வாக்கியத்தில் கட்டினால், அதை முழுதாக மீறும் ஒற்றை ஆளைப் பிடிக்க முடியாது.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆய்வறிக்கை அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதில். மூன்று மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். திருப்தி இல்லையென்றால் ஹியரிங், இப்போது பெரும்பாலும் வீடியோவில். முடிந்து 15 நாளில் எழுத்துமூல வாதம். பிறகு கன்ட்ரோலர் உத்தரவு. தள்ளுபடியானால், 2021-இல் மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு, நேராக உயர் நீதிமன்றம்.

இப்போது வரும் மனுக்களில் மைனஸ் குறியையே காணோம். எந்த ஆன்டெனா எந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டும் என்பதை நியூரல் நெட்வொர்க் முடிவு செய்யும் என்கிறார்கள். 3(கே) ஆட்சேபம் வந்தே தீரும். அதைவிட எனக்குக் கவலை பிரிவு 10(4). கண்டுபிடிப்பையும் அதைச் செய்யும் முறையையும் முழுமையாக வெளியிட வேண்டும் என்கிறது அது. படித்துவிட்டு இன்னொருவர் கட்டிப் பார்க்க முடியாத விவரணைக்கு எந்த டி1-ஐயும் தேட வேண்டியதில்லை. என் மேஜையில் அப்படி ஒரு வரைவு கிடக்கிறது. நெட்வொர்க்கின் படம் அழகாக இருக்கிறது. எதைக் கொடுத்துப் பயிற்றினார்கள், எத்தனை அடுக்கு, ஆம்ப்ளிஃபயர் வரம்பை எங்கே கட்டினார்கள் என்று ஒரு வரி இல்லை. எழுதிய குழுவைத் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறேன்.